நனைந்த தபால்காரரும் கேட்டில் மாட்டிய வாத்தும்

“லவ்லி” என்றார் மோரா.

நான் என் செருப்பைத் தேடினேன்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் ஊர், அவர் வீட்டு ஹால். மத்தியான வெயில். விடிந்தால் என் மகள் கயலுக்கும் அவர் மகன் ஷானுக்கும் கல்யாணம். என் மனைவி மாலதி கார்பெட்டில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, வயலினின் தலையைக் கணுக்கால்மேல் சாய்த்து, ஓர் ஐரிஷ் பாட்டை வாசித்து முடித்திருந்தாள். மோரா சோபா நுனியில் இருந்தார். நான் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில், எந்த நேரமும் வெளியே ஓடத் தயாராக நின்றிருந்தேன்.

மோராவின் “லவ்லி”க்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நான் உப்புப் போட மறந்த உப்புமாவை அவர் “லவ்லி” என்றார். துவைத்துச் சுருங்கிப்போன ஸ்வெட்டரையும் “லவ்லி” என்றார். நிஜமாகவே பிடித்துவிட்டால் அந்த மனுஷி வாயே திறக்கமாட்டார். தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

இந்தப் பாட்டுக்கும் பல மாதங்களாக லவ்லியாகவே வந்துகொண்டிருந்தது.

போன வாரம் இந்தத் தொடரில் பனியில் கார் சிக்கிய கதையைப் படித்துவிட்டு, “எல்லாத்துக்குமா இப்படிப் பயப்படுவீங்க?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, அது சின்ன பயம். பெரியதை இந்த வாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

ஒரே ஓர் ஆசை

தொடரைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு: நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பவானியில் தையல்காரன். மாலதிக்கு அமெரிக்க மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் இருக்கிற பிளெய்ன்ஸ்பரோ வந்து சேர்ந்தேன். அவள் வார நாள்களில் லேபுக்குப் போவாள், சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பாள். நான் அபார்ட்மென்டில் உட்கார்ந்து ரவிக்கைகளைப் பெரிதாக்கிக் கொடுப்பேன். யாரும் சின்னதாக்கக் கேட்பதில்லை.

கயல் ஃப்ரீமான்ட்டில் வேலைக்குப் போன இடத்தில் ஷானைப் பிடித்தாள். ஷானின் அப்பா டெக்லன். அயர்லாந்திலிருந்து வாலிபத்திலேயே கலிஃபோர்னியா வந்து கட்டட வேலை பார்த்தவர். சாயந்திரமானால் ஃபிடில் எடுத்துவிடுவாராம். ஃபிடில் என்றால் வேறொன்றும் இல்லை, அதே வயலின்தான். நின்றுகொண்டோ நாற்காலியிலோ, தோளில் வைத்து வாசிப்பார்கள்.

நாங்கள் சம்பந்தம் பேசப் போவதற்குச் சில வருஷம் முன்பே டெக்லன் இறந்துவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டில் ஃபிடில் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று மோராவிடம் கேட்டோம். அவர் சீர் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. “ஷான் மணவறைக்கு நடந்து வரும்போது அவங்கப்பாவோட அந்தப் பாட்டு ஒரு தடவை கேட்கணும். அவ்வளவுதான்” என்றார். (இவர்கள் எல்லாரும் பேசியது ஆங்கிலம். எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.)

“நான் வாசிக்கறேன்” என்று மாலதி அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். “ஏன் மாலதி, உனக்கு அந்தப் பாட்டு தெரியுமா?”

“தெரியாதுங்க. கத்துக்கிட்டாப் போச்சு.”

“ரெக்கார்டிங் ஏதாச்சும் இருக்குதா?”

இல்லை. யாராவது போனைத் தூக்கினாலே டெக்லன் எழுந்து போய்விடுவாராம். “பாட்டுக் கேட்க வந்தியா, மீன் பிடிக்க வந்தியா?” என்பாராம். ஷானுக்கு வாசிக்கத் தெரியாது. “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது அப்பாவோட ஷூ தரையில தட்டின சத்தம்தான், மாமா” என்றான். ஷூ சத்தத்தை வைத்துக்கொண்டு வயலினில் என்ன செய்வது?

மோராவுக்குப் பாட்டின் பெயர் மட்டும் தெரிந்தது. “கேட்டில் மாட்டிய வாத்து.”

என் மகளின் கல்யாணம் ஒரு வாத்தை நம்பி நின்றது.

பப்புக்குப் போன குடும்பம்

பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பப். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஐரிஷ் வாசிப்பவர்கள் கூடுவார்கள் என்று மாலதி கண்டுபிடித்தாள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பட்டப்பகலில் பொண்டாட்டியைச் சாராயக் கடைக்குக் கூட்டிப்போகிற முதல் பவானிக்காரன் நானாகத்தான் இருப்பேன். நம் அபார்ட்மென்ட் ஆட்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று காரைக் கடைசி வரிசையில், ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். உள்ளே போய் ஜிஞ்சர் ஏல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது வெறும் இஞ்சி சோடாதான் என்று எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டேன்.

அவர்கள் வழக்கம் விசித்திரமானது. வட்டமாக உட்கார்கிறார்கள். என்ன பாட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஒருவர் தொடங்குகிறார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். அதையே இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு, மூச்சு விடாமல் வேறொன்றுக்குத் தாவிவிடுகிறார்கள். முடிந்ததும் கைதட்டல் கிடையாது. “உன் முழங்கால் எப்படி இருக்கு?” என்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்கள்.

ஜெர்ரி என்று ஒருவர். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலதி வாத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

“வாத்தா? அது ‘நனைந்த தபால்காரர்’. மழைக்கு ஒதுங்கின ஒரு தபால்காரர் யார் வீட்டுலயோ கத்துக்கொடுத்த பாட்டு.”

பக்கத்தில் புல்லாங்குழல் வைத்திருந்த அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. “நனைஞ்சது தபால்காரர் இல்ல, பாதிரியார்.”

“பாதிரியார் ஏன் நனையணும்?”

“தபால்காரர் மட்டும் ஏன் நனையணும்?”

இருநூறு வருஷப் பாட்டு என்றார் ஒருவர். தன் மாமா கட்டியது என்றார் இன்னொருவர். இதை நான் எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட் சீனிவாசன் அங்கிளிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “எல்லாமே நம்ம ஊர்ல இருந்து போனதுதான்” என்றார். கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு வாசித்ததைக் கேட்டு நம்மவர் அந்த மெட்டுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதிய கதையை மாலதி எடுத்துச் சொல்லி, “அங்கிள், அது அங்கிருந்து இங்க வந்தது” என்றாள். “போனது திரும்பி வந்திருக்கும்மா” என்றார் அங்கிள். அவரை யாராலும் நனைக்க முடியாது.

ஜெர்ரி பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு குறை கண்டார். “ஸ்வரத்தை ஏன் ஆட்டறீங்க? அது பாவம், நிக்கட்டுமே.”

காரில் வரும்போது மாலதி புலம்பினாள். “ஒரு ஸ்வரத்தை ஆட்டாம அப்படியே நிறுத்தினா எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குதுங்க.”

இன்னொரு சங்கடமும் இருந்தது. பாட்டின் இரண்டாம் பாதியில் விறுவிறுவென்று மேலே ஏறி ஓர் உச்சியைத் தொட்டுவிட்டு வர வேண்டும். நம் வாசிப்பில் கையை வழுக்கிக்கொண்டே மேலே போய்விடலாம். அவர்கள் முறையில் கை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், சுண்டுவிரலை நீட்டித்தான் தொட வேண்டும். “அந்த உச்சிதான் இந்தப் பாட்டோட உயிரே” என்றார் ஜெர்ரி. மாலதியின் சுண்டுவிரல் அதுவரை உருப்படியாக ஒரு வேலையும் செய்ததில்லை. காபி டம்ளரைப் பிடிக்கும்போது அழகுக்கு நிற்கும், அவ்வளவுதான். அதைப் போய் அவள் மாதக்கணக்கில் பழக்கினாள். சாம்பார் கொதிக்கும் நேரத்தில்கூடக் கரண்டிக் காம்பில் சுண்டுவிரலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகத் தபால்காரர் நடமாட ஆரம்பித்ததும் ரெக்கார்ட் பண்ணி மோராவுக்கு அனுப்பினோம். கயல் போன் செய்தாள்.

“அம்மா, ஷி செட் இட்ஸ் லவ்லி.”

“அப்புறம்?”

“தட்ஸ் இட். லவ்லி. பட் ஷி லுக்ட் ஸோ சாட், மா.”

ஒரே அடுப்படி, இரண்டு பாட்டு

டெக்லனின் தம்பி மார்ட்டின் டெக்சஸில் ரிச்சர்ட்சனில் இருந்தார். போன் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் ஃபிடில் வாசிப்பவர். அண்ணன் தம்பி இருவருக்கும் அவர்கள் அப்பாதான் ஒரே அடுப்படியில், ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். அப்படியென்றால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மாலதிக்கு ஆபீஸ் விஷயமாக டாலஸ் போக வேண்டியிருந்தது. நானும் தொற்றிக்கொண்டேன்.

மார்ட்டின் வாசலிலேயே திருத்தினார். “வாத்தும் இல்ல, தபால்காரரும் இல்ல. எங்கப்பா வெச்ச பேரு ‘பல் டாக்டர் வந்த நாள்’.”

“உங்க அண்ணன் வாசிச்ச மாதிரி வாசிச்சுக் காட்டுங்க” என்று மாலதி கேட்டாள்.

“அவன் வாசிச்சது தப்பு. தப்பானதை ஏன் கத்துக்கறீங்க? நான் சரியானதை வாசிக்கறேன்.”

“கல்யாணத்துக்கு உங்க அண்ணனோடதுதான் வேணுங்க.”

“அதனாலதான் சொல்றேன். கல்யாணத்துல தப்பு நடக்கலாமா?”

அவர் தன்னுடையதையே வாசித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், மனுஷன் அபாரமாக வாசித்தார். அந்த உச்சியில் அவர் விரல் போய் உட்கார்ந்த அழகில் எனக்குத் தலை தானாக ஆடியது. இத்தனை வருஷம் மாலதியோடு கச்சேரிக்குப் போய்ப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? “ச்சு ச்சு ச்சு” என்றேன்.

மார்ட்டின் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். இந்த முறை அதே இடத்தில் கொஞ்சம் வேறு மாதிரி. அதுவும் நன்றாக இருந்தது. இன்னும் உரக்க “ச்சு ச்சு” கொட்டினேன், தலையையும் இடம் வலமாக ஆட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. மூன்றாவது முறை இன்னொரு மாதிரி. நெற்றியில் வியர்வை. நான் கண்ணை மூடிக்கொண்டு, தாங்க முடியாதவன்போல் கையை விரித்து, நாக்கால் ஒரு ஆலாபனையே செய்தேன்.

வில்லை மடியில் போட்டார். “உங்க வீட்டுக்காரருக்கு என்னதான் வேணும்? எங்கப்பா பாட்டை நானே மூணு விதமா மாத்திட்டேன். இன்னும் உச்சுக் கொட்டறார்!”

மாலதிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு சோபாவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அய்யோ, அது எங்க ஊர்ல பாராட்டு!”

“பாராட்டா? எங்க டீச்சர் என்னை ஃபெயில் பண்றப்போ அந்தச் சத்தம்தான் போடுவா.”

எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மார்ட்டினுக்கு அந்த மூன்றாவது மாதிரி பிடித்துப்போய், ரிச்சர்ட்சனில் தன் கூட்டத்துக்கு அதையே சொல்லிக்கொடுத்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். இன்னும் நூறு வருஷம் கழித்து யாராவது அந்தப் பாட்டின் சரித்திரத்தை ஆராய்ந்தால், டெக்சஸ் மாதிரி எப்படி வந்தது என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இந்த வார இதழை அவர்கள் படிக்க நேர்ந்தால் நல்லது.

மார்ட்டின் வாசித்த மூன்றையும் மாலதி போனில் பிடித்திருந்தாள், மோராவுக்கு அனுப்பினோம். மூன்று லவ்லி வந்தது.

நான் கயலிடம் கெஞ்சினேன். “பேசாம வேற ஏதாச்சும் பாட்டு போட்டுக்கலாம், கண்ணு. அந்தம்மா சபையில உக்காந்து, புருஷன் பாட்டுன்னு நம்பி, அது இல்லேன்னு ஆயிட்டா? அதுக்கு வாசிக்காம இருக்கறதே மேல்.”

“அப்பா, யு வொர்ரி டூ மச்” என்றாள். ஆனால் வழக்கமாகச் சொல்கிற வேகத்தில் சொல்லவில்லை.

தரையில் இறங்கிய மோரா

இப்போது அந்த ஹாலுக்குத் திரும்புவோம். “லவ்லி” என்று சொல்லிவிட்டு மோரா கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மார்ட்டின் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார், சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

மாலதி வில்லைக் கீழே வைத்தாள். “மோரா, லவ்லி வேண்டாம். எது இல்லைன்னு சொல்லுங்க.”

நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். சம்பந்தியம்மாவிடம் பேசுகிற பேச்சா இது?

“எனக்கு சங்கீதம் தெரியாதும்மா” என்றார் மோரா. “எது தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல. எல்லாரும் நல்லாத்தான் வாசிக்கறீங்க. அவர் வர மாட்டேங்கறார்.”

மாலதி என்னைப் பார்த்தாள், நான் செருப்புகளைப் பார்த்தேன்.

“இன்னொரு தடவை வாசி” என்றார் மோரா. “மெதுவா.”

மாலதி வாசித்தாள். ஃபிடில் வாசிப்பவர்கள் வாத்தியத்தைத் தோளில் வைத்திருப்பார்கள். விரல்கள் அவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும். தரையில் உட்கார்ந்த மாலதியின் இடது கையோ சோபாவில் இருந்தவருக்கு நேர் கீழே, தட்டில் வைத்த மாதிரி இருந்தது. மோரா குனிந்து அந்தக் கையையே பார்த்தார். பிறகு சோபாவிலிருந்து இறங்கினார். முழங்கால் மடக்கென்று சத்தம் போட, நான் பிடிக்க ஓடினேன், என்னைத் தள்ளிவிட்டுக் கார்பெட்டில் உட்கார்ந்தார்.

பாட்டு அந்த உச்சிக்கு ஏறியது. மாலதி பாடுபட்டுப் பழக்கிய சுண்டுவிரல் நீண்டது.

மோரா அந்த விரலை லபக்கென்று பிடித்துக்கொண்டார். “இது!”

“என்ன?”

“இந்த விரல் அவருக்குக் கிடையாது. இருந்தது, ஆனா மடங்கியே இருக்கும். இப்படி.” அவர் மாலதியின் சுண்டுவிரலை உள்ளங்கைப் பக்கமாக மடக்கிவிட்டார். “இப்ப வாசி.”

மாலதி வாசித்தாள். உச்சி வந்தபோது பழக்கதோஷத்தில் கையை வழுக்கிக்கொண்டு மேலே போனாள்.

“இல்லை, இல்லை. அவர் கை எங்கேயும் போகாது.”

மறுபடி. இந்த முறை மாலதிக்குப் போக்கிடம் இல்லை. ஏறிக்கொண்டே வந்த பாட்டு உச்சிக்கு ஒரு படி கீழே நின்றது, அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு சட்டென்று அடியில் இறங்கி வேறு வழியாக வீடு வந்து சேர்ந்தது.

மோரா ஒன்றும் சொல்லவில்லை. லவ்லிகூடச் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து மார்ட்டின் குரல் கொடுத்தார். “அங்க மேல ஏறணும்! டெக்லனும் இதே திருட்டு வேலைதான் பண்ணுவான். சோம்பேறிப் பய. ஆயுசு பூரா சொன்னேன், ஏறுடா ஏறுடான்னு. சிரிப்பானே தவிர ஏறமாட்டான்.”

“மார்ட்டின்” என்றார் மோரா. “அவருக்கு அந்த விரல் மடங்கிடுச்சு. கலிஃபோர்னியா வந்த புதுசுல, சாரத்துல இருந்து இரும்பு விழுந்து.”

மார்ட்டின் டீ கப்போடு வாசற்படியில் வந்து நின்றார். “என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொல்லக் கூடாதுன்னுட்டார். நீ அவர்கூட மல்லுக்கட்டி வாசிக்கறதுதான் அவருக்குப் பிடிக்கும். விரல் போச்சுன்னு தெரிஞ்சா பாவம் பார்த்து மெதுவா வாசிப்பியாம். அதுக்கு சோம்பேறிங்கற பேரே தேவலைன்னார்.”

“உனக்குத் தெரிஞ்சும் இத்தனை மாசம்...”

“விரல் தெரியும். அந்த விரலாலதான் பாட்டு அப்படின்னு எனக்கெப்படித் தெரியும்? பாட்டே அப்படித்தான்னு நினைச்சேன்.”

மார்ட்டின் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். எனக்குப் பதற்றம். கோபித்துக்கொண்டு பெட்டி கட்டுகிறாரா? ஃப்ளைட் பிடித்து டெக்சஸுக்கே போய்விடுவாரா? மாப்பிள்ளைக்குச் சித்தப்பா இல்லாமல் கல்யாணமா? சூடான கப்பை வைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழேயே நின்றேன்.

அவர் ஃபிடிலோடு இறங்கி வந்தார். மாலதிக்குப் பக்கத்தில் நின்றார். தன் இடது கைச் சுண்டுவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

சேர்ந்து வாசித்தார்கள். உச்சி வந்ததும் மார்ட்டினின் விரல் தானாக நீண்டுவிட்டது.

“மடக்கு!” என்று அதட்டினார் மோரா.

அடுத்த முறையும் நீண்டது.

“மார்ட்டின்! அது உன் பேச்சைக் கேட்காதா?”

“அறுபது வருஷமா ஏறிப் பழகின விரல்” என்று முனகினார் மார்ட்டின்.

“எனக்கு மட்டும் என்னவாம்?” என்றாள் மாலதி. “இந்த விரலை நிமிர்த்தறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப மடக்கச் சொல்றீங்க.”

மோரா சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நல்ல நேரம்

மறுநாள் மண்டபத்தில் எனக்கு ஆயிரம் கவலை. மவுரி அவென்யூ கடையில் சொல்லிவைத்த வாழையிலை வரவில்லை. நாதஸ்வரக்காரர் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டிருந்தார். ஐயர் போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு மதியம் இன்னொரு கல்யாணம் இருந்தது.

ஷான் பட்டு வேட்டியில் வந்து நின்றான். இடுப்பில் நான் ரகசியமாக வெல்க்ரோ தைத்துக் கொடுத்திருந்தேன், அந்தக் கவலை மட்டும் இல்லை. முந்தின நாள் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. கயலோடு ஏர்போர்ட்டுக்கும் மண்டபத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தான்.

மணவறைக்கு ஓரமாக ஜமக்காளத்தில் மாலதி. பக்கத்தில் நின்றபடி மார்ட்டின். தொடங்கினார்கள்.

ஷான் நடந்தான். சிரித்துக்கொண்டே, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தான். பாட்டு இரண்டாம் பாதிக்குப் போனது. ஏறியது, ஏறியது, உச்சிக்கு ஒரு படி கீழே நின்று சுற்றியது, இறங்கிவிட்டது.

ஷான் நடுவழியில் நின்றுவிட்டான்.

கும்பிட்ட கை அப்படியே இருந்தது. மோரா முன்வரிசையிலிருந்து எழுந்து போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இருவரும் மணவறையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. மாலதியும் மார்ட்டினும் முதலிலிருந்து இன்னொரு சுற்று எடுத்தார்கள்.

“மாப்பிள்ளைய வரச் சொல்லுங்கோ” என்று ஐயர் என்னிடம் குனிந்தார். “நல்ல நேரம் முடியறது.”

“இருங்க சாமி” என்றேன். “அவங்கப்பா வாசிச்சு முடிக்கட்டும்.”